சிலிங்குக்கு மேல் கிடக்கும் பழைய பஞ்சு கல்நாராக (அஸ்பெஸ்டாஸாக) இருக்குமா? (பினாங்கு கெலுகோர், 1976-ஆம் ஆண்டு வீடு)

கெலுகோர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனார் 1976-இல் வாங்கிய ஒரு மாடித் தெரஸ் (வரிசை) வீட்டில்தான் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குடியிருக்கிறோம். மாமனார் போன ஆண்டு காலமானார். வீட்டை அவர் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாலும், சிலிங் பல இடங்களில் கறை படிந்து தொங்கத் தொடங்கிவிட்டது. அதனால் பழையதை இறக்கிவிட்டுப் பிளாஸ்டர் சிலிங் போடவும், அதில் டவுன்லைட் பொருத்தவும், சமையலறைக்குப் பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியின் கூரையை மாற்றவும் ஒரு குத்தகையாளரிடம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டோம்.

சென்ற சனிக்கிழமை, மின்கம்பிகள் எந்தப் பக்கமாகப் போகின்றன என்று பார்ப்பதற்காகக் கூடத்து மூலையில் இருக்கும் சிலிங் திறப்பைத் தள்ளிவிட்டு, ஏணியில் ஏறி, டார்ச் விளக்கோடு தலையை நுழைத்தேன். பலகைகளின் மேல், பழைய மெத்தையைப் பிரித்துப் பரப்பியது போல, மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் இரண்டு அங்குலக் கனத்துக்குப் பஞ்சு போன்ற ஒன்று விரிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்து துண்டு துண்டாகக் கிழிந்திருந்தது. விரலால் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தேன். அன்று மாலை வரை முழங்கை வரைக்கும் அரிப்பு அடங்கவில்லை. வெயில் தாங்காமல் 1990-களின் இறுதியில் மாமனார் ஏதோ வாங்கிப் போட்டதாக மாமியாருக்கு நினைவு, என்ன பொருள் என்று மட்டும் தெரியவில்லை.

படத்தை எடுத்து, கன்பராவில் இருக்கும் என் மனைவியின் பெரியப்பா மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்துவிட்டார். அவருடைய ஊரில் இப்படிச் சிலிங்குக்குள் கல்நார்ப் பஞ்சைக் கொட்டிய வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி இடித்ததாகவும், நாங்கள் அன்றிரவே வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். குத்தகையாளரோ, "இந்த நாட்டில் பழைய வீடு எல்லாவற்றிலும் அஸ்பெஸ்டாஸ்தான், யார் செத்தார்கள்?" என்று சிரிக்கிறார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது?

இன்னொரு விவரம். பிள்ளைகள் அறையில் வேலையாள் ஏற்கெனவே, மாதிரிக்கு என்று சொல்லி, ஒரு விளக்குக்கான துளையை மின் துளைப்பானில் வட்ட வாளைப் பொருத்தி அறுத்துவிட்டார். அது வெறும் சிலிங் பலகைத் தூள்தான். மாவு சலித்தது போலக் கட்டிலின் மேல் உதிர்ந்திருந்தது, மனைவி பெருக்கித் தள்ளிவிட்டார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, மேலே கிடக்கும் பஞ்சைப் பற்றித்தான் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு ஆறு வயதும் ஒன்பது வயதும் ஆகின்றன. அவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமா?

தூசிக்கணக்கு:

கெலுகோர்வாசி அவர்களே, பயப்பட வேண்டிய பொருளையும் பயப்படத் தேவையில்லாத பொருளையும் இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பஞ்சைப் பற்றிப் படிக்கும்போது நான் பதறவில்லை. போகிற போக்கில் கடைசிப் பத்தியில் சொன்னீர்களே, அந்தத் துளையைப் படித்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. பிறைத் தொழிற்பேட்டையில் காற்றிலுள்ள தூசியை அளக்கும் வேலையில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பஞ்சு. வெள்ளித்தாள் ஒட்டிய மெத்தை, மஞ்சள் நிறம், 1990-களில் போட்டது, தொட்டால் அரிப்பு என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அது கண்ணாடி இழைப் பஞ்சு என்றே தோன்றுகிறது. அரிப்பு உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. உண்மையில் அது ஒரு வகையில் நல்ல அடையாளம். கண்ணாடி இழை ஒப்பீட்டளவில் தடிமனானது. உடைந்தால் குறுக்கே ஒடிந்து, ஊசி போலத் தோலில் குத்தும். கல்நார் இழையோ நெடுக்குவாட்டில் பிளந்து பிளந்து மேலும் மெலியும். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்கு மெலிந்துவிடுவதால் தோலுக்கு அது தெரிவதே இல்லை, மூக்குக்கும் தொண்டைக்கும் தெரிவதில்லை, நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்கிவிடுகிறது. அரிக்காத தூசிக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம். ஆனாலும் படத்தைப் பார்த்து எவரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு சிட்டிகையை ஆய்வுக்கூடத்தில் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் முடிவு.

கன்பரா உறவினர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. 1968-இலிருந்து 1979 வரை அந்த ஊரில் ஒரு நிறுவனம், பெரும்பாலும் அமோசைட் எனப்படும் பழுப்புக் கல்நாரைப் பொடித்து, வேறு எதோடும் கலக்காமல், ஊதுகுழாய் வழியாக வீட்டுச் சிலிங்குகளுக்குள் நிரப்பியது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அதை அள்ளியெடுக்க ஒரு முயற்சி நடந்தது. ஆனால் சுவர் இடுக்குகளுக்குள் இறங்கிய இழைகளை முழுவதுமாக எடுக்க முடியவில்லை என்பதால், 2014-இல் அந்த வட்டார அரசாங்கம் ஏறத்தாழ ஆயிரம் வீடுகளை வாங்கி இடிக்கத் தீர்மானித்தது. அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே மோன்டானா மாநிலத்தின் லிபி என்ற ஊரில் தோண்டிய வெர்மிகுலைட் என்ற கனிமத்தை வீட்டுப் பரண்களில் கொட்டினார்கள். அதில் கல்நார் இயற்கையிலேயே கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990-இல்தான் மூடப்பட்டது. இரண்டுமே குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டைக் காப்பாற்ற வேண்டிய ஊர்கள். நம் பினாங்கில் 1976-இல் யார் வீட்டுக்குள் சூட்டைப் பிடித்து வைக்கப் பார்த்தார்கள்? காற்று போகத் துளை விட்டுக் கட்டிய காலம் அது. கன்பராவின் பஞ்சு உங்கள் தெரஸ் வீட்டுக்கு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம்முடைய கல்நார் வேறு வடிவத்தில் இருக்கிறது. உங்கள் சிலிங், பெரிய பெரிய தட்டைப் பலகைகளாக, இணைப்பில் மரச்சட்டம் வைத்து ஆணியடித்ததாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பலகையின் முதுகு சாம்பல் நிறமாக, சற்றுச் சொரசொரப்பாக, ஒரு முகத்தில் மட்டும் துணியின் நெசவு பதிந்தது போன்ற தடத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், உடைத்துப் பார்க்க வேண்டாம். அப்படி இருந்தால் அது கல்நார்ச் சிமெண்டாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அதில் பத்துப் பங்கில் ஒரு பங்கு, சில நேரம் சற்றுக் கூடுதலாக, வெள்ளைக் கல்நார் இருக்கும், மீதி சிமெண்டு. கூரையில் அலையலையாகக் கிடக்கும் சாம்பல் தகடும் அதே குடும்பம்தான். அது உடையாமல், அறுபடாமல் தலைக்கு மேலே சும்மா கிடக்கும் வரையில் சிமெண்டு இழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த அறையில் நீங்கள் தூங்கலாம், சாப்பிடலாம். வட்ட வாள் அந்தப் பிடியைத்தான் ஒரு நிமிடத்தில் அறுத்து, சிமெண்டையும் இழையையும் மாவாக்கிப் பிள்ளைகளின் கட்டிலில் கொட்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நாரைப் பயன்படுத்துவதை 1989-இலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே கட்டிய ஆண்டைக் கேட்டாலே ஓரளவு ஊகித்துவிடலாம். மலேசியாவில் 1986-ஆம் ஆண்டுக் கல்நார்ச் செயல்முறை விதிமுறைகள் குரோசிடோலைட் எனப்படும் நீலக் கல்நாரைத் தடுத்தன, வெள்ளைக்கு முழுத் தடை வரவில்லை. எனவே "எங்கள் வீடு 1990-க்குப் பிறகு கட்டியது" என்று சொல்லும் நண்பர்களும் அவ்வளவு நிம்மதியாக இருக்க வேண்டாம். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகையானாலும் எல்லாமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள் என்றே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது.

இப்போது அறையைக் கவனியுங்கள். துடைப்பத்தை எடுக்காதீர்கள். வீட்டு வெக்கூமை அதைவிடவும் எடுக்காதீர்கள். அதன் பை இந்த இழையைப் பிடிக்காது, பின்பக்கமாக அறை முழுவதும் ஊதிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கட்டில், அலமாரி மேல்பக்கம், சாளர விளிம்பு, தரை என்று மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணியை அலசி மறுபடியும் பயன்படுத்தாமல், ஒரு பக்கம் துடைத்ததும் மடித்து, முடிந்ததும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். மெத்தை விரிப்பை உதறாமல் உள்நோக்கிச் சுருட்டி அதே போலக் கட்டுங்கள். ஒரு விரிப்பின் விலைதானே. மேலே உள்ள துளையைச் சுற்றி லேசாகத் தண்ணீர் தெளித்து, அகலமான டேப்பால் மூடுங்கள்.

எக்ஸ்ரே வேண்டாம். கல்நார் நோய்கள் பொதுவாக 20 ஆண்டுகளிலிருந்து 50 ஆண்டுகள் வரை கழித்தே தலைகாட்டும். போன வாரம் சுவாசித்தது இந்த வார எக்ஸ்ரேயில் தெரியாது, பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுதான் மிச்சம். இவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஓர் எல்லையை எவரும் வரையவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த நோய்கள் ஆண்டுக்கணக்கில் சேரும் அளவைப் பொறுத்தே பெரும்பாலும் வருகின்றன, ஒரே ஒரு துளையின் தூசி அந்தக் கணக்கில் மிகச் சிறியது. அன்று அந்த அறையில் யார் இருந்தார்கள், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளின் மருத்துவக் கோப்பில் வைத்துவிட்டு, மனத்தை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு கேள்வி: உங்கள் பெரிய கூரையும் அலைத்தகடுதானா, ஓடா?

கெலுகோர்வாசி:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன நெசவுத் தடம் பலகையின் முதுகில் அப்படியே இருக்கிறது. பெரிய கூரையும் அலைத்தகடுதான். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட அந்தப் புயல் மழையில் இரண்டு தகடுகள் விரிசல் விட்டு, மாமனார் ஆள் வைத்து மாற்றினார். உடைந்த சில்லுகள் சில இன்னும் அந்தப் பஞ்சின் மேலேயே கிடக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். வேலையை நிறுத்தி வைத்துவிட்டேன். துளையை இன்று டேப் போட்டு மூடினோம்.

தூசிக்கணக்கு:

அப்படியானால் பஞ்சைப் பற்றி நான் சொன்னதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். கண்ணாடிப் பஞ்சு தன்னளவில் கல்நார் அல்ல. ஆனால் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கல்நார்ச் சிமெண்டுக் கூரைக்குக் கீழே கிடந்து, உடைந்த சில்லையும் உதிர்ந்த தூளையும் வாங்கி வைத்திருக்கும் பஞ்சை இனி வெறும் கண்ணாடிப் பஞ்சாகக் கருத முடியாது. சிலிங்கைத் தட்டி இறக்கினால் அது அத்தனையையும் மொத்தமாக உங்கள் கூடத்தில் கொட்டும்.

சுங்கைப்பட்டாணிக்காரி:

இந்தத் திரியைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. நான் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அத்தாப்பு ஓலைக் கூரையை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டாஸ் போட்ட ஆண்டில், மழை பெய்தால் ஒழுகாது என்று என் அம்மா பொங்கலே வைத்தார். மாற்றும்போது உடைந்த துண்டுகள் லயத்துக்குப் பின்னால் மலை போலக் குவிந்து கிடந்தன. பாண்டி ஆடுவதற்குச் சில்லு வேண்டும் என்றால் அந்தக் குவியலில்தான் பொறுக்குவோம்; ஓட்டுச் சில்லை விட அது தட்டையாக இருக்கும், கட்டத்தில் விழுந்தால் துள்ளாது. ஓரம் கூராக இருந்தால் சிமெண்டுத் தரையில் தேய்த்து உருட்டாக்குவோம், தேய்த்த வெள்ளைத் தூளை ஊதித் தள்ளுவோம். அதே துண்டால்தான் கட்டமும் வரைவோம். பிறகு இடைநிலைப் பள்ளிக்குப் போனால் அறிவியல் கூடத்தில், முக்காலியின் மேல் வைக்கும் கம்பிவலையின் நடுவில் வெள்ளையாக வட்டமாக அப்பியிருக்குமே, அதுவும் இதே பொருள்தான் என்று இப்போது தெரிகிறது. ஓரத்தில் பிய்ந்திருந்தால் விரலால் உரித்துக்கொண்டிருப்போம்.

எனக்கு வயது 63. இருமல் ஒன்றுமில்லை. என் கணவரும் அதே லயத்துப் பிள்ளைதான். அவர் மட்டும் 40 ஆண்டுகளாகப் புகை பிடிக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

தூசிக்கணக்கு:

அக்கா, நீங்கள் சொன்ன சில்லு விளையாட்டு எனக்கும் தெரியும். நானும் லயத்துப் பிள்ளைதான். உங்களைப் பொறுத்தவரை, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த வரலாற்றைச் சொல்லிக் கோப்பில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள், அது போதும். அண்ணனிடம் மட்டும் சற்றுக் கண்டிப்பாகப் பேசுங்கள். நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை புகையும் கல்நாரும் ஒன்றோடொன்று கூடுவதோடு நிற்பதில்லை. ஒன்று மற்றொன்றைப் பெருக்கிவிடும். சிறுவயதில் சுவாசித்த இழையை இனி வெளியே எடுக்க வழியில்லை, சிகரெட்டை விட வழியிருக்கிறது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வேறு கதை. புகை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் காரணம் பெரும்பாலும் கல்நார்தான்.

நடைமுறைவாதி:

எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பீதியில் தள்ளுகிறீர்கள் என்பது என் கருத்து. எங்கள் தாத்தா அஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் 91 வயது வரை இருந்தார். கூரையால் செத்தவரை நான் பார்த்ததில்லை.

மட்டப்பலகை:

நான் பார்த்திருக்கிறேன், ஐயா. நான் சுங்கை ஆராவில் சிறிய அளவில் வீட்டு மராமத்து வேலை எடுத்துச் செய்பவன். பழைய அலைத்தகட்டின் மேல் கால் வைத்து, தகடு அப்படியே நொறுங்கி, உள்ளே விழுந்து இறந்த ஒரு இளைஞரின் உடலை இறக்கிய இடத்தில் நின்றிருக்கிறேன். இழை உயிரைக் குடிக்க 30 ஆண்டு எடுக்கலாம். அந்தத் தகடு விரிசல் காட்டாமலேயே ஒரு நொடியில் வேலையை முடித்துவிடும். பாசி படிந்த தகட்டின் மேல் எவரையும் ஏற்றாதீர்கள், குறுக்கே பலகை போட்டு, பாதுகாப்புக் கயிற்றோடு ஏறத் தெரிந்தவரை மட்டும் ஏற்றுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சலால் பாசியைக் கழுவுவதும் வேண்டாம். கழுவிய அழுக்கோடு மேல்பரப்புச் சிமெண்டும் உரிந்து, இழை பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் போய் உட்காரும்.

கெலுகோர் அண்ணனுக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து சில செய்திகள். சிலிங் நல்ல நிலையில் இருந்திருந்தால், அதை அப்படியே விட்டுச் சாயம் பூசிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதன் கீழே புதிய சிலிங்கைத் தொங்கவிடுவதும் ஒரு வழி. ஆனால் அதற்குப் பழைய பலகையைத் துளைத்து மேலே மரத்தில் கொக்கி மாட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவரோரமாகச் சட்டம் அடித்து, துளைகளைக் குறைக்கலாம். தவிர்க்கவே முடியாத துளைக்கு முன்னால் அந்த இடத்தில் சவர நுரையைக் கெட்டியாக அப்பி, கையால் சுற்றும் துளைப்பானால் மெதுவாகத் துளைத்தால் தூள் நுரையிலேயே ஒட்டிக்கொள்ளும், ஈரத்துணியால் வழித்து எடுத்துவிடலாம். உங்களுடையது தொங்கத் தொடங்கிவிட்டது என்கிறீர்கள். மேலே பஞ்சும் சில்லும் கிடக்கின்றன. டவுன்லைட் வேறு வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் முழுவதையும் முறையாக இறக்குவதுதான் சரி, ஆனால் இப்போது முன்பணம் வாங்கியிருப்பவரை வைத்து அல்ல.

முறையாக என்றால்: வீட்டில் குடியிருப்போர் எவரும் இருக்கக்கூடாது. அறை வாசலையும் சாளரத்தையும் பிளாஸ்டிக் விரிப்பால் அடைக்க வேண்டும், பலகையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆணியை உருவி, பலகையை முழுசாக இறக்க வேண்டும், சுத்தியலால் உடைத்து இறக்கக்கூடாது. இறக்கியதை இரண்டு சுற்றுக் கனமான பிளாஸ்டிக்கில் பொதிந்து, மேலே என்ன பொருள் என்று எழுதி ஒட்ட வேண்டும். வேலை செய்பவர்களுக்குக் கோவிட் காலத்து நீல முகக்கவரி எதற்கும் உதவாது. பி100 வடிகட்டி பொருத்திய, முகத்தில் இறுகப் படியும் சுவாசக் கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் படியாது. இதையெல்லாம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். "அதற்கெல்லாம் நேரமில்லை" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

கழிவைப் பற்றியும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூளாகவும் இழையாகவும் இருக்கும் கல்நார்க் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தான கழிவு, என்ற பட்டியலில் இருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். வாசலில் நிற்கும் ரோரோ தொட்டியில் (லாரி தூக்கிச் செல்லும் பெரிய கழிவுத் தொட்டி) செங்கல்லோடு கலந்து கொட்டி, இரவில் செம்பனைத் தோட்டத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு வரும் லாரிகளை நான் பார்க்காமலில்லை. எங்கள் தொழிலுக்கே அது அவமானம். விலை மலிவாக இருக்கிறது என்றால், எந்த இடத்தில் மலிவாயிற்று என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் பெரியவர்:

நடைமுறைவாதி அவர்கள் தம்முடைய தாத்தாவைச் சொன்னார். நான் என்னையே சொல்கிறேன். 1977-இலிருந்து 1985 வரை ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களுக்குக் காப்பு உறை சுற்றும் வேலையில் இருந்தேன். அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. மூட்டையை அவிழ்த்து வெள்ளைப் பொடியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, ரொட்டிக்கு மாவு பிசைவது போலக் கையாலேயே பிசைந்து, குழாயின் மேல் அப்பித் துணியால் சுற்றுவோம். பழைய உறையை உரிக்கும் நாளில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. மாலையில் வெயில் சாய்வாக விழும்போது அந்தத் தூசி பொன்னைப் போல மின்னும். அழகாக இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். அது என்ன பொருள் என்று எங்களுக்கு எவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் உடுப்பை வீட்டில் உதறித் துவைத்தவர் என் மனைவி.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில், என் நுரையீரல் உறையின் மேல் தடித்த தழும்புகள் இருப்பதாகச் சொன்னார்கள். எந்த வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தத் தழும்பு புற்றுநோய் அல்ல, ஆனால் இழை உள்ளே போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி என்றார். என்னைப் போன்ற வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய சம்பளச் சீட்டையும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா ஆவணங்களையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கல்நாரால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் அந்த வேலையைச் செய்தோம் என்று காட்டுவதற்குத் தாள் வேண்டும். உடன் வேலை பார்த்தவர்களில் சாட்சி சொல்ல இப்போது எனக்கு இரண்டு பேர்தான் மிச்சம்.

தம்பி கெலுகோர்வாசி, உங்கள் பிள்ளைகள் ஒரு துளையின் தூசியைச் சுவாசித்தார்கள். அதை அறுத்த அந்த வேலையாள் நாளைக்கு வேறொரு வீட்டில் அறுப்பார், மறுநாள் இன்னொரு வீட்டில். அவரிடம் யாராவது சொன்னார்களா?

நடைமுறைவாதி:

பெரியவரே, மன்னிக்கவும். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

கெலுகோர்வாசி:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தேசியத் தரநிலைத் துறையின் சாம் அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வுக்கூடத்துக்கு நான்கு மாதிரிகள் அனுப்பினோம். எடுக்கும் முறையையும் அவர்களே தொலைபேசியில் சொன்னார்கள்: இடத்தை நனைத்து, கட்டைவிரல் நகத்தளவு துண்டை இடுக்கியால் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உறைகளில் போட்டு, எடுத்த இடத்தின் மேல் சாயத்தைத் தடவி மூட வேண்டும். முடிவு வந்துவிட்டது. சிலிங் பலகையிலும் கூரைத் தகட்டிலும் வெள்ளைக் கல்நார் இருக்கிறது. பஞ்சு வெறும் கண்ணாடி இழைதான். ஆனால் அதன் மேல் படிந்த தூசியில், தூசிக்கணக்கு ஐயா எதிர்பார்த்தபடியே, வெள்ளைக் கல்நார் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கன்பரா மைத்துனருக்கு அறிக்கையை அனுப்பினேன். வீட்டை விட்டு ஓட வேண்டாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். பழைய குத்தகையாளர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார், அதோடு விட்டுவிட்டோம். கல்நார் அகற்றும் வேலையையே செய்யும் ஒரு குழு வந்து பார்த்து, கூரை, பஞ்சு, சிலிங் மூன்றையும் ஒரே மூச்சில் எடுப்பதற்கு விலை கொடுத்திருக்கிறது. நாங்கள் நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு. டவுன்லைட்டை இந்த ஆண்டு மறந்துவிட வேண்டியதுதான். பள்ளி விடுமுறையில் ஆயர் ஈத்தாமில் மச்சினி வீட்டுக்குப் போய்விடுவோம்.

துளை அறுத்த அந்த வேலையாளைத் தேடிப் போய்ப் பார்த்தேன், பெரியவர் ஐயா. லொம்போக்கிலிருந்து வந்தவர், வயது 24. எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். முதலில் நம்பவில்லை, தண்ணீர் தெளித்து அறுக்கலாம், முகக்கவசம் இருக்கிறது என்று காட்டிய பிறகு கேட்டுக்கொண்டார். ஒரு கவசத்தையும் வடிகட்டி நான்கையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி. மின் மீட்டருக்குப் பின்னால், மரச்சட்டத்துக்குள், கருப்பாக ஒரு தடித்த அட்டை இருக்கிறது. அதுவும் இதே பொருளாக இருக்குமா? இன்னொன்று, அந்த இளைஞர் வட்ட வாளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பற்களில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

தூசிக்கணக்கு:

அந்தக் காலத்து மீட்டர் பலகைகளிலும் உருகி (ஃபியூஸ்) பெட்டிகளிலும் வெப்பம் தாங்குவதற்காகக் கல்நார் சேர்த்த அட்டைகளைப் பயன்படுத்தியது உண்டு. அதை நனைத்து மாதிரி எடுக்க முயல வேண்டாம்; அங்கே இழைக்கு முன்னால் மின்சாரம் உங்களைப் பிடித்துவிடும். அகற்றும் குழுவிடம் சொல்லுங்கள், மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்த பிறகு அவர்களே பார்ப்பார்கள்.

வட்ட வாளைத் தட்டி உதறாமல், ஈரத்துணியில் சுற்றி, சிலிங் பலகைகளோடு அதே பொதியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அந்தத் தம்பிக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.